மறைமொழியான மக்கள்மொழி

காமயகவுண்டன்பட்டியிலிருந்து கம்பம் வழியே மேற்கு நோக்கிச் செல்வோர்க்கு மலை எதிரே மதிலென நிற்கிறது. அந்த மதிலைத் தாண்டக் கம்பம்மெட்டுச் சாலை உண்டு. தெற்கே குமுளிச் சாலை உண்டு. பொழுது புலருமுன் ஏலத்தோட்ட வேலைக்குச் சீப்பேறிச் செல்லும் நம் உழைப்பாளத் தோழர்களும் தோழியர்களும் அந்தச் சாலைகளை நன்கறிவர். மலைக்கு மேலே சுரியானிக் கிறித்துவர்களின் கோயில்கள் பல. அங்கே வழிபாட்டுக்குக் ‘குர்பானா’ என்று பெயர். மலைக்குக் கீழே, கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் வாழும் இசுலாமியப் பெருமக்கள் பக்ரீத் நாளில் ‘குர்பானி’ கொடுக்கின்றனர்.

மதம் வேறு, மாநிலம் வேறு. ஆனால் இரு சொற்களுக்கும் வேர் ஒன்றே! ‘நெருங்குதல்’ என்னும் பொருளுடைய செமித்திய வேரிலிருந்து கிளைத்த சொற்கள் அவை. ஒன்று அரபு வழியாக வந்தது. மற்றொன்று சுரியானி வழியாக வந்தது. சுரியானி என்பது அரமேயம் என்னும் பழம்பெரும் மொழியின் ஒரு கிளை.

“அரமேயமா? அது ஏசு பேசிய மொழியாயிற்றே! புனித மொழியாயிற்றே!” என்று வியப்பவர் உளர். வியக்கட்டும், வேண்டாமென்று நாம் கூறவில்லை. ஆனால் வியப்போடு நின்றுவிடுவது பகுத்தறிவாளர்க்கு அழகன்று. ஒரு மொழி புனிதம் என்று போற்றப்பட்டால் அது வாழ்ந்துவிடுமா? கோயிலிலே ஓதப்பட்டால் அது காக்கப்பட்டுவிடுமா? ‘தேவபாடை’ என்னும் பட்டம் ஒரு மொழிக்குக் கிடைக்கும் மாலையா, அல்லது மலர்வளையமா? இந்தக் கேள்விகளை மூவாயிரம் ஆண்டு வாழ்ந்த மொழியொன்றின் வரலாற்றிடம் கேட்டுப் பார்ப்போம்.

மதில்மேல் இருந்த மக்கள்

கி.மு. 701. அசீரியப் பேரரசின் படை எருசலேம் நகரை நெருக்கி நிற்கிறது. அசீரியத் தூதன் மதிலடியில் நின்று, சரணடையுமாறு உரத்த குரலில் அழைக்கிறான். அவன் பேசுவது நகர மக்களின் மொழியில். அரசனுடைய அதிகாரிகள் பதறுகின்றனர். எதிரியின் வாளைக் கண்டா? இல்லை, அவன் பேசும் மொழியைக் கேட்டு! அரமேயத்தில் பேசுமாறும், அது தங்களுக்கு விளங்கும் என்றும், மதில்மேல் இருக்கும் மக்களின் காதுபட மக்கள் மொழியில் பேச வேண்டாமென்றும் அவனை வேண்டிக்கொள்கின்றனர். விவிலியத்தின் அரசர்கள் நூல் இதனைக் கூறுகிறது.

என்னே அதிகாரிகளின் அச்சம்! முற்றுகையால் பசித்துக் கிடக்கப் போகிறவர்கள் மதில்மேல் இருப்பவர்கள். செத்து விழப் போகிறவர்களும் அவர்களே. ஆனால் அவர்களுடைய தலைவிதியைப் பற்றிய பேச்சு அவர்களுக்கு விளங்கிவிடக் கூடாதாம்! அன்று அரமேயம் அரண்மனைக்காரர் மட்டும் அறிந்த மொழி, ஆட்சியின் திரைச்சீலை.

ஆனால் வரலாறு அதிகாரிகளின் விருப்பப்படி நடப்பதில்லை. சில நூற்றாண்டுகள் கழிந்தன. அந்த நாட்டு மக்களே அரமேயம் பேசலாயினர். முன்பு அவர்களுடைய தெருமொழியாக இருந்த எபிரேயம் வேதமொழியாகி உயரத்தில் ஏறிக்கொண்டது. வேதம் படிக்கப்பட்டபோது மக்களுக்கு விளங்கவில்லை. ஆகவே எபிரேயத்தில் ஒருவர் படிக்க, அரமேயத்தில் மற்றொருவர் பொருள் கூறும் வழக்கம் உண்டாயிற்று. ‘தர்கூம்’ என்னும் மொழிபெயர்ப்புகள் அவ்வாறே பிறந்தன. மக்களுக்கு மறைப்பதற்குப் பயன்பட்ட மொழி, மக்களுக்கு விளக்குவதற்குப் பயன்பட்டது. மொழியிலே மறைபொருளும் இல்லை, மகிமையும் இல்லை. யார் கையில் அது இருக்கிறது என்பதிலேதான் எல்லாம் இருக்கிறது.

தோற்றவர் மொழி வென்ற விந்தை

அரமேயர் பேரரசர்கள் அல்லர். சிரியாவில் சிறுசிறு அரசுகளாக வாழ்ந்தவர்கள். அவர்களுடைய தமசுகு நகரை கி.மு. 732இல் அசீரியர் வீழ்த்தினர். மக்களைக் கூட்டங்கூட்டமாகப் பெயர்த்துப் பேரரசின் பல மூலைகளுக்கு விரட்டினர். விரட்டப்பட்டவர்கள் வெறுங்கையோடுதான் சென்றனர். ஆனால் நாவிலே மொழியைச் சுமந்து சென்றனர். விளைவு? வென்றவனின் அரண்மனையிலேயே தோற்றவனின் மொழி குடியேறிற்று!

இதற்குத் தெய்வ அருள் காரணமன்று. எளிமை காரணம். அசீரியரின் ஆப்பெழுத்தில் நூற்றுக்கணக்கான குறிகள். ஈரக் களிமண்ணில் அழுத்தி எழுதவேண்டும். கற்கப் பல ஆண்டுகள் ஆகும். அரமேயத்துக்கு 22 எழுத்துகள். மையும் தோலும் தாளும் போதும். வணிகன் கற்றான், படைவீரன் கற்றான், கணக்கன் கற்றான். பின்னர் வந்த பாரசீகப் பேரரசும் எகிப்து முதல் காந்தாரம் வரை அதையே ஆட்சிமொழியாகக் கொண்டது.

அந்நாளைய மக்களின் வாழ்க்கையை நமக்குக் காட்டுபவை வேதச் சுருள்கள் அல்ல. நைல் ஆற்றின் எலிபண்டைன் தீவில் கிடைத்த தாள்கள். பாரசீகப் படையில் ஊழியம் செய்த யூதக் குடியினரின் கடிதங்கள், கடன்சீட்டுகள், வீட்டுப் பத்திரங்கள், திருமண ஒப்பந்தங்கள் அவற்றிலே உள்ளன. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் மிப்தாகியா என்னும் பெண்ணின் திருமண ஒப்பந்தத்தைப் பாருங்கள். கணவனை வேண்டாமென்று ஊர் அவையில் எழுந்து கூறும் உரிமை அவளுக்கு உண்டு. தன் பொருளை எடுத்துக்கொண்டு தான் விரும்பும் இடத்துக்குச் செல்லும் உரிமையும் உண்டு. பெண்ணுக்கு மணவிலக்கு உரிமை தந்தால் பண்பாடு பாழாகும் என்று 1950களில் நம் நாட்டு நாடாளுமன்றத்தில் வாதாடியவர்களை எண்ணிப் பாருங்கள்!

அதே தாள்களிடையே கிடைத்தது அகிகார் கதை. அசீரிய அரசனின் அமைச்சன் அகிகார், பிள்ளையில்லாதவன். தன் உடன்பிறந்தாளின் மகனை வளர்த்து ஆளாக்குகிறான். வளர்த்த கடாவே மார்பில் பாய்கிறது. பழி சுமத்தப்பட்டு மரணத் தீர்ப்புப் பெற்றவனை, முன்பு அவனால் உயிர்பிழைத்த அதிகாரியே காப்பாற்றுகிறான். கதையோடு அறிவுரைகளும் வருகின்றன. குளிரில் நடுங்கும் ஆட்டிடம், “என் தோலால் உன்னைப் போர்த்துகிறேன்” என்று சிறுத்தை பரிவு காட்டுவதும், “என் தோலை நீ உரிக்காமல் இருந்தால் போதாதா?” என்னும் பொருள்பட ஆடு விடையளிப்பதும் அதிலே உண்டு. ஆதிக்கக்காரன் ‘பாதுகாப்பு’ வழங்க முன்வரும் நாடுகளிலெல்லாம் படிக்கத்தக்க கதை இது!

ஆயினும் அகிகாரை நாம் முழுதும் ஏற்க இயலாது. அரசன் சொல்லுக்கு அஞ்சு, அடங்கு என்பதே அதன் அடிநாதம். அடிமையை அடித்து வளர்க்கச் சொல்லும் அறிவுரையும் உண்டு. அஞ்சுவோர்க்கு எழுதப்பட்ட அறநூல் அது. கொடுங்கோலனை வழிப்பறிக் கொள்ளையனோடு ஒப்பிட்டுக் கண்டிக்கும் வள்ளுவரின் நெஞ்சுரத்தை அதில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். பழமை என்பதற்காகப் பாராட்டுவதும் அயல்நாட்டது என்பதற்காக இகழ்வதும் திறனாய்வு அல்ல. அறிவுக்கு ஒத்ததைக் கொள்வோம், ஒவ்வாததைத் தள்ளுவோம்.

அசோகன் இந்த மொழியை அறிந்திருந்தான். தட்சசீலத்தில் 1915இல் கிடைத்த அரமேயக் கல்வெட்டும், கந்தகாரில் 1958இல் கிடைத்த கிரேக்க–அரமேய இருமொழிக் கல்வெட்டும் அதற்குச் சான்று. எல்லைப்புறத்து மக்களுக்கு எந்த மொழி விளங்குமோ அந்த மொழியில் அறம் பேசினான் அவன். என் மொழியை நீ கற்றுக்கொள் என்று கட்டளையிடவில்லை! வடமேற்கில் வழங்கிய கரோட்டி எழுத்து, வலமிருந்து இடமாக, அரமேய எழுத்திலிருந்தே உருவாயிற்று.

இங்கே நம் தேனி மாவட்டத்தையும் நினைத்துக்கொள்வோம். ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட நடுகற்களில் பழந்தமிழ் எழுத்துகள் உள்ளன. அவற்றுள் ஒன்று கூடலூர் ஆநிரைப் பூசலில் மாண்ட வீரனுக்கு எடுத்த கல். மாடு மேய்த்து வாழ்ந்த மக்களிடையே எழுத்து உலவிற்று. அரமேயம் வளர்ந்ததும் இப்படித்தான். தமிழ் வளர்ந்ததும் இப்படித்தான்.

ஏசு பேசியது ஏன்?

ஏசு அரமேயம் பேசினார் என்பது உண்மை. ஏன் பேசினார்? அது புனித மொழி என்பதாலா? இல்லை! அன்று புனித மொழி எபிரேயம். ஆட்சியாளர் மொழி கிரேக்கமும் இலத்தீனும். கலிலேயாவின் மீனவனும் உழவனும் கூலியாளும் பேசியது அரமேயம். தச்சர் வீட்டுப் பிள்ளை தெருவின் மொழியைத்தான் பேசினார்.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. அவருடைய பேச்சில் சில சொற்களே அரமேய ஒலியோடு நற்செய்தி நூல்களில் எஞ்சியுள்ளன. மற்றவை கிரேக்க மொழிபெயர்ப்பிலேதான் கிடைக்கின்றன. ‘பாறை’ என்னும் பொருளுடைய ‘கேபா’ என்ற பெயரைக்கூடப் ‘பெட்ரோசு’ என்று கிரேக்கத்தில் பெயர்த்துவிட்டனர். ‘சிறியவர்’ என்னும் பொருளுடைய பவுலைத் தமிழ்க் கத்தோலிக்கர் ‘சின்னப்பர்’ ஆக்கினர். மூலமே மொழிபெயர்ப்பாக இருக்கும்போது, “மொழிபெயர்த்தால் புனிதம் போய்விடும்” என்பது எத்துணைப் பெரிய பொய்! ஏசுவின் மொழியில் வழிபடுவேன் என்பவர் அவருடைய ஒலியைப் பின்பற்றலாம். அவருடைய வழியைப் பின்பற்ற வேண்டுமானால், பக்கத்து வீட்டுக்காரனுக்கு விளங்கும் மொழியிலல்லவா பேசவேண்டும்?

அறிவு வளர்த்த காலம்

எடெசா நகரத்தின் அரமேயமே சுரியானியாக வளர்ந்தது. அது பாடல்களோடு நிற்கவில்லை, அறிவையும் சுமந்தது. நம் நாட்டுப் பஞ்சதந்திரக் கதைகள் பாரசீகம் சென்று, ஆறாம் நூற்றாண்டில் சுரியானிக்கு வந்தன. கி.பி. 662இல் செவெரசு செபோக்து என்னும் சுரியானி ஆயர், அறிவெல்லாம் கிரேக்கருக்கே சொந்தம் என்று செருக்குற்றோரைக் கண்டித்து, ஒன்பது குறிகளால் கணக்கிடும் இந்தியர் முறையைப் போற்றி எழுதினார். ஒன்பதாம் நூற்றாண்டின் பாக்தாதில் ஊனைன் இபின் இசாக்கும் அவர் குழுவினரும் கிரேக்க மருத்துவ நூல்களைச் சுரியானியிலும் அரபியிலும் பெயர்த்தனர். சுரியானி உயிரோடிருந்தது, ஏனெனில் அதிலே மருத்துவன் எழுதினான், கணிதன் எழுதினான், கதைசொல்லி எழுதினான்.

ஏழாம் நூற்றாண்டில் அரபு ஆட்சி வந்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் அலுவல் மொழியும் அரபியாகத் தொடங்கிற்று. அலுவலகம் போயிற்று, அங்காடி போயிற்று, பிறகு அடுப்படியும் போயிற்று. மடங்கள் எஞ்சின. ஏடுகளை அம்மடங்களே காத்தன; நன்றியோடு அதனை ஒப்புக்கொள்வோம். ஆனால் ஏடு காப்பது வேறு. மொழி காப்பது வேறு.

இன்றும் அரமேயம் பேசுவோர் உளர். எங்கே? சிரியாவின் மாலூலா போன்ற சிற்றூர்களில். துருக்கி, ஈராக்கு, ஈரான் நாட்டு மலைப்புறங்களிலிருந்து சிதறிய மக்களிடையே. மாலூலாவின் அண்டையூரான ஜுபாதீனில் அதைப் பேசுவோர் இசுலாமியர்! மதம் மாறிற்று, வீட்டுமொழி மாறவில்லை. வழிபாடு காக்காததை வீடு காத்தது. ஈரானின் ஊர்மியாவில் 1849இல், மக்கள் பேசும் அரமேய வழக்கிலேயே செய்தித்தாள் ஒன்று அச்சாயிற்று. பழைய வேதமொழியை விட்டுப் பேச்சுமொழியை அச்சேற்றியபோதே அந்த மொழிக்குப் புதுக்குருதி பாய்ந்தது. ஆயின் 1915இல் ஒட்டோமான் நாட்டில் நடந்த படுகொலையும், 2013இல் மாலூலாவைத் தாக்கிய படையினரும், 2014இல் ஈராக்கின் நினிவேச் சமவெளியிலிருந்து நிகழ்ந்த விரட்டலும் பேசுவோரையே சிதறடித்தன. பேசுவோரைக் காவாமல் மொழியைக் காப்பதேது?

மலைக்கு அப்பால்

இனி நம் மலைக்கு அப்பால் வருவோம். கி.பி. 849இல் வேணாட்டு ஐயனடிகள் திருவடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வழங்கிய செப்பேடுகள் புகழ்பெற்றவை. ஆவணம் வட்டெழுத்தில், பழந்தமிழும் மலையாளமும் பிரியாத மொழியில் அமைந்தது. சான்றுக் கையொப்பங்கள் மூன்று எழுத்துகளில் உள்ளன: அரபு, பகலவி, எபிரேயம். இம்மூன்று எழுத்துகளுமே அரமேய எழுத்தின் வழிவந்தவை! பரங்கிமலைச் சிலுவைக் கல்லில் இருப்பதும் பகலவி எழுத்தே. தமிழை அரபு எழுத்தில் எழுதிய அறபுத்தமிழையும், மலையாளத்தைச் சுரியானி எழுத்தில் எழுதிய கர்சோனியையும் சேர்த்துக்கொண்டால், அரமேயம் நம் வீட்டு வாயில்வரை வந்த மொழி என்பது விளங்கும்.

கொல்லம் செப்பேட்டைப் போற்றுவோர் ஒன்றை மறைத்துவிடுகின்றனர். நிலத்தோடும் உரிமைகளோடும் ஈழவர் குடிகளும் வண்ணார் குடியும் பள்ளிக்கு அளிக்கப்பட்டதையும் அது கூறுகிறது. பல மொழிக் கையொப்பம் பெருமைதான். ஆனால் எந்தக் கையொப்பம் அந்தக் குடிகளுடையது? கடல் கடந்து வந்த வணிகனுக்கு உரிமை. கால்வழிக் குடிகளுக்கு ஊழியம்! சமத்துவம் பேசும் சமயமும் இங்கே வந்ததும் சாதிப்படியில் ஏறி அமர்ந்த கதையை அந்தச் செம்பு சொல்கிறது.

1599இல் போர்த்துக்கீசிய ஆயர் மெனசிசு உதயம்பேரூரில் மாமன்றம் கூட்டினார். சுரியானி ஏடுகள் பல தவறானவை எனத் தீர்க்கப்பட்டு எரிக்கப்பட்டன. இலத்தீன் ஆதிக்கத்துக்கு எதிராக 1653இல் மட்டாஞ்சேரியில் மக்கள் திரண்டு கூனன் சிலுவைச் சூளுரை எடுத்தனர். அந்த உரிமை உணர்ச்சியை நாம் மதிக்கிறோம். ஏட்டை எரிப்பது ஆய்வுக்கு விடையாகாது. அயலவன் மொழியைத் திணிப்பது சீர்திருத்தமும் ஆகாது.

ஆனால் நாம் கேட்பது வேறு: இலத்தீனா சுரியானியா என்று ஆயர்கள் போராடினார்களே, மலையாளத்துக்காக வாதாடியவர் யார்? குருவும் மல்பானும் அறிந்தனர், கூடியிருந்தோர் செவிமடுத்தனர், அவ்வளவே. 1811இல் நான்கு நற்செய்திகள் மலையாளத்தில் அச்சேறியபோதுதான் வாயில் திறந்தது. காயங்குளம் பிலிப்போசு ரம்பான் சுரியானியிலிருந்து பெயர்த்தார். பப்ரிசியுசின் தமிழ் மொழிபெயர்ப்பும் அப்பணிக்குத் துணைநின்றது. 1962இல் சீரோ–மலபார் திருச்சபை மலையாளத்தில் குர்பானா நடத்தத் தொடங்கிற்று. அதே பத்தாண்டில் இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டிப் பக்கத்துக் கோயில்களிலும் இலத்தீன் பூசை தமிழ்ப் பூசை ஆயிற்று. வானம் இடிந்து விழவில்லை! தெய்வம் கோபித்து வெளியேறவும் இல்லை!

அங்கே சுரியானி அழிந்தா போயிற்று? இல்லை. கோட்டயத்தில் 1985 முதல் அதற்கென ஆய்வு நிறுவனமே இயங்குகிறது. பழைய மொழியைக் கற்பது அறிவு; அதைக் கதவாக்கி மக்களை வெளியே நிறுத்துவது ஆதிக்கம். இந்த இரண்டையும் பிரித்தறிய வேண்டும். வடமொழியைக் கற்பவரோடு நமக்குப் பகையில்லை. அது இல்லாவிட்டால் ஆண்டவனுக்குக் காது கேட்காது என்பவரோடுதான் வழக்கு. 2020இல் தஞ்சைப் பெரியகோயில் குடமுழுக்கில் தமிழுக்கும் இடம் வேண்டி உயர்நீதிமன்றம்வரை செல்ல நேர்ந்ததே! தமிழன் எழுப்பிய கோயிலில் தமிழுக்கு இடம் கேட்டு வழக்கு! மலைக்கு அப்பால் 1962இலேயே முடித்த கணக்கை நாம் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

நம் வீட்டுக் குப்பை

பிறரைத் திறனாய்ந்த நாம் நம்மையும் திறனாய வேண்டாமா? அரமேயத்தில் தந்தையை ‘அப்பா’ என்பர். உடனே நம் நண்பர் சிலர், “பார்த்தீர்களா! அரமேயம் தமிழிலிருந்து பிறந்தது. ஏசு பேசியது தமிழே!” என்று மேடை அதிர முழங்குகின்றனர். கைதட்டல் கிடைக்கும்; உண்மை கிடைக்காது. பல் முளைக்காத குழந்தையின் இதழில் எளிதில் எழும் ஒலிகள் பகரமும் மகரமும். உலகின் பல மொழிகளில் தாயையும் தந்தையையும் குறிக்கும் சொற்கள் அவ்வொலிகளால் அமைந்தவை. ஒரு சொல்லைக் கொண்டு உறவு நாட்டுவது, ஒரு செங்கல்லைக் கொண்டு மாளிகை கட்டுவதாகும். புராணத்தை மறுக்கும் நாம் புதுப் புராணம் படைக்கலாமா?

தமிழைத் ‘தெய்வத் தமிழ்’ என்று பாடி, பூச்சூட்டி, தூபம் காட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுவதும் இதே பிழை. அரமேயத்துக்குக் கிடைக்காத புனிதமா? அதனால் அங்காடியைக் காக்க முடிந்ததா? 2006இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் தமிழ் வேண்டுமென்று நம் சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது. இன்னும் அங்கே வழக்காளியின் நிலம் பற்றிய வாதம் வழக்காளிக்கு விளங்காத மொழியில்தான் நடக்கிறது. மருத்துவனின் குறிப்பு நோயாளிக்கு விளங்குவதில்லை. வங்கித் தாள் திராட்சைத் தோட்டத்து உழவனுக்கு விளங்குவதில்லை. கையெழுத்து மட்டும் அவனுடையது!

எருசலேமின் அதிகாரிகள் மாண்டு இரண்டாயிரத்து எழுநூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர்களுடைய வேண்டுகோள் மாளவில்லை. “மக்களுக்கு விளங்காத மொழியில் பேசுங்கள்” என்று இன்றும் கோயிலில் கேட்கிறது, நீதிமன்றத்தில் கேட்கிறது, அலுவலகத்தில் கேட்கிறது. மதில்மேல் இருக்கும் மக்களின் பக்கம் நிற்பதே பகுத்தறிவு இளைஞரின் பணி. மனு எழுதத் தெரியாதவனுக்குத் தமிழில் மனு எழுதிக் கொடுங்கள். அறிவியலைத் தமிழில் எழுதுங்கள். பிழையிருந்தால் திருத்தி மீண்டும் எழுதுங்கள். படிப்பகத்துக்கு வரும் தோட்டத் தொழிலாளிக்கு அவனுடைய கூலிச் சட்டத்தைத் தமிழில் படித்துக் காட்டுங்கள். தமிழ் வாழ்வது அங்கேதான்!